புதுப்பிப்பு: பயிற்சிக்கு முன் பிரஷர் பார்ப்பது பற்றி

சத்திரசிகிச்சைக்குப் பின் பயிற்சி தொடங்குமுன் பிரஷரும் நாடியும் பார்க்கும்படி முதற்பதிவில் எழுதியிருந்தேன். அளக்கும் முறையை விட்டுவிட்டேன். பிழை வருவதே அங்கேதான். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலம் கழியட்டும். 5 நிமிடம் சாய்ந்திருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளவிடுங்கள். மேல் அளவு 180ஐயோ கீழ் அளவு 110ஐயோ தாண்டினால் அன்று பயிற்சி வேண்டாம், வைத்தியரிடம் கேளுங்கள்.

பிசோப்ரோலோல், அட்டெனோலோல் போன்ற, இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை குடிப்பவர்களுக்கு நாடி வழமைபோல் ஏறாது. கொழும்பு காலிமுகத்திடலில் நடக்கும்போது ஒரு வசனத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அவர்களுக்கு நாடி எண்ணிக்கையைவிட அது நம்பகமானது. இன்சுலின் போடுபவர்களுக்குச் சீனி 90க்குக் கீழ் என்றால் முதலில் 15 கிராம் மாச்சத்து.

மிக முக்கியம்: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் எண்ணெய் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் நுரையீரலுக்குப் போய்விடலாம். அன்றே காட்டுங்கள், மூச்சும் முட்டினால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.