8 ஜிபி ராம் போட்டும் 3.45 ஜிபிதான் பயன்படுகிறது – உதவி தேவை

கேள்வி (யாங்கோன், மியான்மர்)
வணக்கம். எங்கள் கோயில் தமிழ் வகுப்புக்கான பாடத்தாள்களை ஒரு பழைய விண்டோஸ் 10 கணினியில் தயாரிக்கிறோம். மிகவும் திணறியதால், இருந்த 4 ஜிபி ராமோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்தோம். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் (அடிப்படை அமைப்பு) திரை 8192 எம்பி, அதாவது 8 ஜிபி என்கிறது. விண்டோஸோ 8 ஜிபியில் 3.45 மட்டுமே பயன்படும் என்கிறது. ராம் பழுது, வேறு வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். கோயில் பணம், வீணாகக் கூடாது.

பதில் (மோல்மேன்)
தம்பி, தயவுசெய்து இப்போது எதையும் வாங்க வேண்டாம். பயாஸுக்கு முழு அளவும் தெரிகிறதே! செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பக்கத்தைத் திறந்து, ‘சிஸ்டம் டைப்’ வரியை அப்படியே எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்
‘32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 ப்ராசஸர்’ என்று இருக்கிறது.

பதில் (மோல்மேன்)
அதுதான் காரணம். 32-பிட் விண்டோஸ் 10 அதிகபட்சம் 4 ஜிபி வரைதான் ராமைக் கையாளும். அந்த 4 ஜிபி முகவரிகளிலேயே கிராபிக்ஸ், நெட்வொர்க் போன்ற சாதனங்களுக்கும் பங்கு போகிறது. கதவு எண்கள் தீர்ந்த தெருவில் புது வீடு கட்டினால் தபால்காரர் எப்படி வருவார்? உங்கள் ப்ராசஸர் 64-பிட்டுக்கு ஏற்றதுதான். ஆகவே 64-பிட் விண்டோஸ் போடுங்கள். பழையதன் மேலேயே மேம்படுத்த முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அதே பதிப்பு என்றால் உரிமம் செல்லும்.

பதில் (பகோ)
அண்ணன் சொன்னதோடு ஒன்று. முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் எடுத்துவையுங்கள். 2019-க்கு முந்தைய பர்மிய அறிவிப்புகள் ஸாவ்ஜி என்ற, யுனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துருவையும் மறக்காமல் எடுங்கள். இல்லாவிட்டால் பிறகு திறக்கும்போது எழுத்துகள் குழம்பித் தெரியும். பிரிண்டருக்கும் 64-பிட் டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரலாம், இன்வெர்ட்டரில் இணைத்துக்கொண்டே செய்யுங்கள்.

இதே சிக்கல் 64-பிட்டில் வந்து இதைப் படிப்பவர்கள், எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் பூட் பகுதியின் மேம்பட்ட விருப்பங்களில் ‘மேக்ஸிமம் மெமரி’ கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். பயாஸில் ‘மெமரி ரீமேப்’ (4 ஜிபிக்கு மேலும் ராம் முகவரிகளை ஒதுக்கும் வசதி) இயக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்
நிறுவியாயிற்று. இப்போது 7.88 ஜிபி பயன்படும் என்கிறது! இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மீதி எங்கே?

பதில் (மோல்மேன்)
அது வன்பொருளுக்கென ஒதுங்கியது. பெரும்பாலும் போர்டிலேயே உள்ள கிராபிக்ஸ் எடுத்திருக்கும். பழுதல்ல, அப்படியே விடுங்கள்.