செராமிக் கத்தியில் சில்லு பெயர்ந்துவிட்டது: அடுத்து ஜப்பானியக் கத்தி வாங்கலாமா?

மழைக்குருவி:
இரண்டு ஆண்டுகளாக ஒரு வெள்ளைச் செராமிக் கத்தியை வைத்துத்தான் சமைத்துவந்தேன். நான் இடது கைக்காரி. அந்த மணிக்கட்டில் பழைய வலி ஒன்று உண்டு. கனமான கத்தியால் அரை மணி நேரம் அரிந்தால் இரவு தூக்கம் போய்விடும். கையில் இருப்பதே தெரியாத அளவுக்கு இலேசாக இருந்ததால் அந்தக் கத்தியை விட்டு நான் நகரவே இல்லை.

சென்ற வாரம் பூசணிக்காயில் பாதி இறங்கியதும் சிக்கிக்கொண்டது. வெளியே எடுக்கச் சற்றுத் திருகினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கத்தியின் வாயில் சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு பெயர்ந்திருந்தது. அந்தச் சில்லை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அரிந்த காய் முழுவதையும் கொட்டிவிட்டேன். குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் வேறென்ன செய்வது?

இப்போது ஜப்பானியக் கத்தி வாங்க நினைக்கிறேன். சந்தோக்கு, நக்கிரி, கியூட்டோ என்று பெயர்கள். விஜி-10, நீலக் காகித எஃகு, டமாஸ்கஸ் என்று விளக்கங்கள். நான்கு பேருக்குச் சமையல், பெரும்பாலும் காய்கறி, வாரம் ஒருமுறை மீன். எதை வாங்கலாம்? எனக்குச் சாணை பிடிக்கத் தெரியாது.

நீலவிளிம்பு:
செராமிக் கத்தியை அடியோடு ஒதுக்கிவிடாதீர்கள். என்னுடையது ஐந்து ஆண்டுகளாக நன்றாகவே வெட்டுகிறது. தக்காளி, வெள்ளரி, பழம் தவிர வேறெதற்கும் அதை எடுப்பதில்லை. துருப்பிடிக்காது, புளிப்புப் பட்டாலும் நிறம் மாறாது. பூசணிக்கு அது ஏற்ற கத்தி இல்லை, அவ்வளவுதான்.

சாணைக்கல்:
மழைக்குருவி, நீங்கள் கடைசியாக எழுதிய வரியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். எந்தக் கத்தியும் மழுங்கும். மழுங்கிய பிறகு அதை என்ன செய்வீர்கள் என்பதற்கு விடை இருந்தால், எதை வாங்குவது என்பது எளிது.

செராமிக் கத்தி என்பது சிர்கோனியாத் தூளை அழுத்தி, உயர்ந்த வெப்பத்தில் சுட்டு எடுப்பது. எஃகைவிடக் கடினமானது, அதனால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் பக்கவாட்டில் விசை வந்தால் எஃகு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இது வளையாமல் உடையும். உங்கள் பூசணிக்காயில் நடந்தது அதுதான். மழுங்கினால் சாதாரணச் சாணைக்கல்லும் உதவாது, வைரத்தூள் பதித்த கல் வேண்டும்.

ஜப்பானியக் கத்தியும் திருகலைப் பொறுக்காது. எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் ஐரோப்பியச் சமையல் கத்திகள் 56 முதல் 58 வரை இருக்கும். ஜப்பானியக் கத்திகளில் பல 60ஐத் தாண்டும். வாயும் மெல்லியது: பக்கத்துக்கு 20 பாகைக்குப் பதில் சுமார் 15 பாகை. அழுத்தாமலே இறங்குவதால் உங்கள் மணிக்கட்டுக்கு இது நல்லது. ஆனால் பூசணி, எலும்பு, உறைந்த இறைச்சி ஆகியவற்றுக்குப் பழைய தடித்த கத்தி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவத்தில் என் தேர்வு 165 மில்லிமீட்டர் சந்தோக்கு. காய்கறி மட்டும் என்றால் நக்கிரியைச் சொல்லியிருப்பேன்: அதன் வாய் நேராக இருப்பதால் பலகையில் முழுவதும் படியும், வெங்காயத்தாள் அறுபடாமல் மாலைபோலத் தொங்காது. மீனும் இருப்பதால் முனையுள்ள சந்தோக்குதான் வசதி. கியூட்டோ நீளமானது, உங்களுக்கு வேண்டாம்.

இடது கை என்று சொன்னது மிக முக்கியம். யானகிபா, தேபா, உசுபா போன்ற மரபுக் கத்திகளுக்கு ஒரே பக்கம்தான் சாணை, அதுவும் பெரும்பாலும் வலது கைக்கு. இடது கையில் பிடித்தால் வெட்டு கோணலாகப் போகும். இருபக்கமும் சமமாகச் சாணை பிடித்ததா என்று கேட்டு வாங்குங்கள். பிடியையும் பாருங்கள்: ஒரு பக்கம் மட்டும் மேடிட்ட மரப்பிடி வலது உள்ளங்கைக்குச் செதுக்கியது. எண்கோணப் பிடி இரு கைக்கும் பொருந்தும்.

எஃகில் விஜி-10 போதும், எளிதில் துருப்பிடிக்காது. நான் வைத்திருப்பது வெள்ளைக் காகித எஃகு (நீலம், வெள்ளை என்பது எஃகின் நிறமல்ல, ஆலையில் அதைச் சுற்றிவரும் காகிதத்தின் நிறம்). அற்புதமாகக் கூராகும். ஆனால் வெங்காயம் அரிந்துவிட்டு வாசலுக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தால் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கும். டமாஸ்கஸ் கோலம் வெளித்தகட்டில் இருப்பது. வெட்டுவது நடுவில் இருக்கும் எஃகு. அழகு பிடித்தால் வாங்குங்கள், கூருக்காக வேண்டாம்.

மழைக்குருவி:
கேட்காததற்கும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள், மிக்க நன்றி. பிடியைப் பற்றி யாருமே சொன்னதில்லை. சாணையை நானே கற்றுக்கொள்ள முடியுமா? என்னிடம் கண்ணாடி வெட்டுப்பலகை இருக்கிறது, அது போதுமா?

சாணைக்கல்:
கண்ணாடிப் பலகையை இன்றே விலக்கிவிடுங்கள். எந்தக் கத்தியின் வாயையும் அது கெடுத்துவிடும். மரப்பலகை வாங்குங்கள்.

சாணை நிச்சயம் கைவரும். 1000 எண் (கல்லின் நயத்தைக் காட்டும் எண்) கொண்ட நீர்க்கல், அதாவது நீரில் நனைத்துத் தேய்க்கும் சாணைக்கல் ஒன்று போதும். முதலில் பழைய கத்தியில் பழகுங்கள். கத்தியின் அகலம் 45 மில்லிமீட்டர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் உயர்த்திப் பிடித்தால் 15 பாகை வந்துவிடும். அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி அளவு பார்த்துக்கொண்டுதான் நான் பழகினேன். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக விரலை மெதுவாக வழித்தால் அது தட்டுப்படும். வாய் நெடுகிலும் பிசிறு வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். நான் முதல் சில தடவை அதற்குக் காத்திராமல் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் தேய்த்தும் தக்காளித்தோல் வழுக்கியது.

நீலவிளிம்பு:
உடைந்த செராமிக் கத்தியை அப்படியே குப்பையில் போடாதீர்கள். தடித்த அட்டையில் சுற்றி, ஒட்டி, 'கத்தி' என்று மேலே எழுதிப் போடுங்கள். குப்பை எடுப்பவர் கை வைக்கும் இடம் அது.