ஒரே தாச்சியில் இரண்டு பேருக்கு இராச்சாப்பாடு: திருமலையில் (திருகோணமலையில்) இருப்பவர்கள் சொல்லுங்கள்

உவர்மலை வாடகைக்காரர்:

வணக்கம். நானும் மனைவியும் உவர்மலையில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிறோம். குசினி என்று தனியாக இல்லை. யன்னலோரம் ஒரு மேசை, அதில் ஒற்றை அடுப்பு, கீழே 5 கிலோ காஸ் சிலிண்டர். பாத்திரம் என்று சொன்னால் அகலமான தாச்சி ஒன்று, கேத்தல் ஒன்று, தட்டுகள் கோப்பைகள். பிரிட்ஜ் இல்லை. இந்த வருடம் வாங்குகிற வசதியும் இல்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நான் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன், அவ வரும்போது ஏழரை ஆகும். இதுவரை இரவுக்குக் கொத்து அல்லது இடியப்பம் என்று கடையில்தான் வாங்கினோம். போன மாதம் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது சாப்பாட்டுச் செலவு வாடகைக்குக் கிட்ட வந்து நிற்கிறது. அதோடு கடைச் சாப்பாட்டு எண்ணெய் அவவுக்கு ஒத்துவரவில்லை, இரவெல்லாம் நெஞ்செரிவு. பகல் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வருகிறவவுக்கு ஒரு சுடு சோறாவது நான் வைத்துக் கொடுக்க வேண்டும்.

ஒற்றை அடுப்பில் சோறு தனி, கறி தனி என்று வைத்தால் ஒன்று ஆறிவிடுகிறது, காஸும் போய்விடுகிறது. ஆகவே எல்லாம் ஒரே தாச்சியில் முடிய வேண்டும். அரை மணித்தியாலம், கூடினால் முக்கால். இரண்டு பேருக்கும் சேர்த்து 600 ரூபாய்க்குள். மிச்சம் வைக்க இடமில்லை. இருவரும் மீன் சாப்பிடுவோம். எனக்குச் சோறு இல்லாவிட்டால் நித்திரை வராது, அதனால் நூடில்ஸ் வேண்டாம்.

மட்டிக்களி அக்கா:

தம்பி, நீங்கள் கேட்டது நான் நெடுநாளாகச் செய்கிற சமையல். 2022 இல் காஸுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் வீட்டில் இரவில் இதைத்தான் வைத்தோம். காஸ் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் விட மனமில்லை.

பச்சையரிசி, மைசூர்ப் பருப்பு, மேலே மீன். இவ்வளவுதான். ஆனால் அரிசி பச்சையரிசியாகவே இருக்க வேண்டும், வெள்ளைப் பச்சையரிசி. மைசூர்ப் பருப்புக்குத் தோல் கிடையாது, கால் மணித்தியாலத்தில் அவிந்துவிடும். வெள்ளைப் பச்சையரிசிக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். இரண்டையும் ஒன்றாகப் போடலாம். நாட்டுப் புழுங்கலைப் போட்டால் அது அவிவதற்குள் பருப்பு களியாகி அடியில் பிடித்துவிடும்.

அளவுக்கு உங்கள் தேநீர்க் கோப்பையே போதும். அரிசி 1 கோப்பை, பருப்பு அரைக் கோப்பை, இரண்டையும் சேர்த்துத் தண்ணீர் தெளிகிற வரை கழுவுங்கள். தேங்காய் பாதி. தேங்காய் விற்கிற விலையில் அந்தப் பாதியைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும்: முதற்பால் அரைக் கோப்பை தனியாக எடுத்து வையுங்கள், பிறகு அதே தேங்காய்ப்பூவை இரண்டு தடவை பிழிந்து தண்ணீரும் கூட்டி 3 கோப்பை ஆக்குங்கள். மற்றப் பாதியின் உட்பக்கத்தில் உப்புப் பூசி வைத்தால் காலையில் சம்பலுக்கு ஆகும்.

தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். சின்ன வெங்காயம் ஒரு பிடி, உள்ளி நாலு பல்லு, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை இலை, பெருஞ்சீரகம் அரைத் தேக்கரண்டி. வெங்காயம் வதங்கினதும் மஞ்சள், ஒரு தேக்கரண்டி கறித்தூள். தூள் கருக முதல் அரிசியையும் பருப்பையும் கொட்டி ஒரு பிரட்டுப் பிரட்டி, 3 கோப்பைப் பாலையும் உப்பையும் விடுங்கள். கொதி வரும்போது பருப்பு நுரைத்து அடுப்பில் வழியப் பார்க்கும். அந்த ஐந்து நிமிடம் மூடாமல் பக்கத்தில் நில்லுங்கள். நுரை அடங்கினதும் நெருப்பை நன்றாகக் குறைத்து மூடுங்கள். மூடி இல்லாவிட்டால் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தால் சரி, விளிம்பு பொருந்தி உட்கார வேண்டும்.

தக்காளி, பழப்புளி, கொறுக்காய் எதையும் இப்போது போட வேண்டாம். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு இலகுவில் அவியாது. அரை மணித்தியாலச் சமையல் ஒரு மணித்தியாலமாகும்.

இனி மீன். இரண்டு பேருக்குக் கால் கிலோ சூடை போதும், கிடைத்தால் சின்னப் பாரை அல்லது விளைமீன் துண்டு. தலையும் குடலும் எடுத்துக் கழுவி, உப்பு, மஞ்சள், மிளகுத்தூள் பிரட்டி வையுங்கள். மூடி வைத்து பத்து நிமிடம் போனதும் திறந்து பாருங்கள். தண்ணீர் வற்றி, சோற்றின் மேல் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும், அவற்றின் வழியாக ஆவி புஸ் புஸ் என்று வரும். அதுதான் நேரம். முதற்பாலைச் சுற்றிவர ஊற்றி, மீனை ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்கி, பக்கத்தில் தக்காளி வட்டங்களை வைத்து மூடுங்கள். சூடைக்கு 6, 7 நிமிடம். பாரைத் துண்டுக்கு 10. முள்ளை விட்டுச் சதை பிரிந்து வந்தால் அவிந்துவிட்டது. நெருப்பை அணைத்து, திறக்காமல் இன்னும் 5 நிமிடம் விடுங்கள். அந்த 5 நிமிடம் காஸ் இல்லாமலே அவிகிறது.

மீன் வைத்த பிறகு அகப்பை போடவே கூடாது. சூடையின் முள் தலைமயிர் மாதிரி, சோற்றுக்குள் கலந்தால் எடுக்க முடியாது. மீனை முழுசாகத் தட்டில் எடுத்து வைத்துவிட்டுச் சோற்றைப் போடுங்கள். மேலே பாதித் தேசிக்காய் பிழியுங்கள். தேசிப்புளி தாச்சிக்குள் கொதிக்கும்போது வேண்டாம், பால் திரையும்.

விலை நாளுக்கு நாள் மாறுகிறது. ஆனாலும் சூடை மலிவாக வருகிற நாளில் உங்கள் 600 ரூபாய் தாண்டாது.

கிண்ணியாவிலிருந்து:

அக்கா சொன்னதை நானும் நாளைக்குச் செய்யப்போகிறேன். ஒரு விசயம் மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் தம்பி ஆறு மணிக்கு மேல் மீன் வாங்குகிறவர். சூடை, கும்பளா, சூரை போன்ற மீன்களை வெயிலில் ஐஸ் இல்லாமல் வைத்திருந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடிவிடும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலையிடிக்கும். இது சமைத்தாலும் போகாது. நாற்றம் இல்லாத மீனிலும் இருக்கலாம். பின்னேரம் வாங்கும்போது கண்ணையும் பூவையும் (செவுளையும்) பார்ப்பதோடு நிற்காமல் பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐஸ் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம், அன்றைக்குப் பேணியில் அடைத்த ரின் மீன்தான்.

ரின் மீனுக்கு என்னுடைய முறை. எங்கள் பாலம் 2009 இல்தான் திறந்தது. அதற்கு முன் பாதையை (தண்ணீரைக் கடக்கிற படகை) தவறவிட்டால் டவுனில் கூட்டாளியின் அறையில்தான் இரவு. அந்த அறையிலும் உங்களைப்போல ஒரே தாச்சி. பெரிய வெங்காயம் இரண்டு, கறிமிளகாய் நாலு, தக்காளி இரண்டு வதக்கி, மிளகாய்த்தூள், மிளகு போட்டு, 425 கிராம் ரின் ஒன்றை உடைத்துப் போடுவோம். ரின்னுக்குள் இருக்கும் தண்ணீரில் உப்பு உண்டு, பாதியை விட்டால் போதும், தனியாக உப்பு வேண்டாம். கொதித்ததும் கரண்டியால் இரண்டு குழி பறித்து ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடுவோம். மஞ்சள்கரு இறுகுவதற்கு 4 நிமிடம். ஒரு இறாத்தல் பாணோடு இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடலாம். உங்களுக்குச் சோறு வேண்டும் என்பது தெரியும், ஆனாலும் மழை நாளில் இதைச் செய்து பாருங்கள்.

உவர்மலை வாடகைக்காரர்:

அக்கா, நேற்றே செய்தேன். சூடை கிடைத்தது, ஐஸ் பெட்டியிலிருந்துதான் வாங்கினேன். ஓட்டை வருகிறதா என்று தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன், நீங்கள் சொன்ன மாதிரியே வந்தது. மனைவி வந்து கதவைத் திறந்ததும் "றம்பை வாசம் கேற்றடியில் வருகுது" என்றா. இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டா. எனக்கு அது போதும்.

இரண்டு கேள்வி. வெள்ளிக்கிழமை நாங்கள் மரக்கறி. மற்றது, கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் போகாத நாட்களில் மீன் விலை ஏறிவிடும். அப்போது என்ன செய்வது?

மட்டிக்களி அக்கா:

கேட்கவே சந்தோசமாக இருக்கிறது தம்பி.

கடல் கொந்தளிக்கிற வாடைக்காலத்துக்கு நெத்தலிக் கருவாடு. 50 கிராம் போதும். சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவி, ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். தாச்சியில் எண்ணெயைக் கொஞ்சம் கூட விட்டு முதலில் அதை மொறுமொறுப்பாகப் பொரித்துத் தட்டில் எடுத்து வையுங்கள். அதே எண்ணெயில் வெங்காயத்தைப் போட்டு மற்றதெல்லாம் முந்திச் சொன்ன மாதிரி. கருவாட்டு வாசம் சோற்றின் அடிவரை இறங்கும். உப்பைப் பாதியாகக் குறையுங்கள். பொரித்த நெத்தலியைச் சாப்பிடும்போது மேலே தூவுங்கள், முதலே போட்டு மூடினால் நமுத்துப்போகும்.

வெள்ளிக்கிழமைக்குப் பூசணிக்காய். தோலோடு ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள், தோல் இருந்தால் கரையாது. அரிசி பாதி அவிந்த நேரத்தில் மேலே பரப்பி மூடிவிடுங்கள், அரிசி முடியும்போது அதுவும் முடியும். கடைசி மூன்று நிமிடத்தில் முருங்கை இலை இரண்டு பிடி. இலை போட்ட பிறகு மூட வேண்டாம், நிறம் கறுத்துவிடும். உவர்மலையில் எந்த வளவில் முருங்கை நின்றாலும் கேட்டால் ஒரு கொப்பு முறித்துத் தருவார்கள், அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

தம்பலகாமத்தான்:

வெள்ளிக்கிழமைத் தாச்சிக்கு என் பங்கு. தேங்காய் இல்லாத நாளில் பாலுக்குப் பதிலாக வெறும் தண்ணீரில் அவியவிட்டு, அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் ஆறிய பிறகு எருமைத் தயிர் நாலு மேசைக்கரண்டி கலந்து பாருங்கள். அடுப்பில் இருக்கும்போது கலந்தால் திரைந்துவிடும். எங்கள் பக்கம் சட்டித் தயிர் எப்போதும் கிடைக்கும், டவுனிலும் வாங்கலாம். ஆனால் பிரிட்ஜ் இல்லையென்றபடியால் சின்னச் சட்டியாக வாங்குங்கள்.

அக்கா வெள்ளைப் பச்சையரிசி என்றார். சிவப்புப் பச்சையரிசியும் செய்யலாம், ஆனால் அதன் தவிடு தண்ணீரை உள்ளே விடத் தாமதிக்கும். வேலையால் வந்து உடுப்பு மாற்றுவதற்கு முன் அரிசியை ஊறப்போட்டுவிட்டுக் கடைக்குப் போய் வாருங்கள், அரை மணித்தியாலம் ஊறினால் நல்லது. பருப்பை அரிசியோடு போடாமல் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள், தண்ணீர் அரைக் கோப்பை கூட விடுங்கள்.