"56 நிமிடம் வரை நாமதான் மேல்" என்று எழுதிய மகானுக்கு

முத்தியால்பேட்டை மச்சான் | 24 நவம்பர் 2024, இரவு 10.48

ஐ.எஸ்.எல். கால்பந்தில் நம் சென்னையின் எஃப்.சி. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் 3-0 என்று தோற்றது. ஜிமினெஸ் 56ஆவது நிமிடம், நோவா 70, இஞ்சுரி டைமில் ராகுல் கே.பி. ஒன்று. டி.வி.யை அணைத்துவிட்டு, சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து இங்கே கெடிலக்கரையான் என்ற கடலூர்ப் பெரியவர் ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார்: "56 நிமிடம் வரை நாமதான் மேல். ஸ்கோரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்."

ஸ்கோரைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது ஐயா? பஞ்சாங்கத்தையா? எதிரே ஆடியது யார்? வரிசையாக மூன்று ஆட்டம் தோற்று, சொந்த ஊரிலேயே ஹைதராபாத்திடம் அடி வாங்கிவிட்டு வந்த டீம். நாம் ஜாம்ஷெட்பூருக்குப் போய் 5-1 என்று அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தக் கால்கள் எங்கே போயின? அதைப் பேசலாம் என்று வந்தால் 56 நிமிடமாம்.

கெடிலக்கரையான் | இரவு 11.03

பெரியவர் என்றதற்கு நன்றி. எனக்கு 34 வயது.

நான் எழுதியதை முழுதாகப் படிக்கவும். முதல் பாதி 0-0. யாராவது மறுக்க முடியுமா? 56 நிமிடம் வரை நம் வலையில் பந்து விழவில்லை. பிளாஸ்டர்ஸ் ரசிகர்களின் மஞ்சள் சட்டை கடலுக்கு நடுவே, அந்தக் கூச்சலில், வெளியூர் ஆட்டத்தில் 56 நிமிடம் நிமிர்ந்து நிற்பது சாதாரண விஷயம் இல்லை. நம் கோச் கோயல் போட்ட திட்டம் சரி. ஒரு கோல் விழுந்ததும் எல்லோரும் ஏறிப் போனார்கள், பின்னால் கதவு திறந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அதன் வட்டிதான். இது புரிய வேண்டுமானால் மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்திருக்கிறேன். 2020 பிப்ரவரி 1, இதே கொச்சி, கலூர் ஸ்டேடியம். 6-3 என்று அடித்தோம். கிரிவெல்லாரோ இரண்டு, வால்ஸ்கிஸ் இரண்டு, சாங்டே இரண்டு. அன்று நீலச் சட்டையோடு அங்கே உட்கார்ந்திருந்தவன் நான். சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள் மெதுவாகப் பேசவும்.

உப்பளம் லெஃப்ட் பேக் | இரவு 11.10

56ஆவது நிமிடத்தில் கோல் என்றால் 55 நிமிடம்தான் முடிந்திருக்கிறது. 55 நிமிடம் சில வினாடி. அதைத்தான் 56 என்று எழுதுவார்கள். ஆகவே "56 நிமிடம் வரை" என்பதே தப்பு.

கெடிலக்கரையான் | இரவு 11.12

ஐயா, ஒரு நிமிடத்துக்காகவா வந்தீர்கள்?

உப்பளம் லெஃப்ட் பேக் | இரவு 11.13

ஆமாம். 55.

நெய்வேலி நைட் ஷிப்ட் | இரவு 11.20

இடைவேளையில் எட்டிப் பார்க்கிறேன், நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். "மேல்" என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துகொள்ளலாமே? பந்து நம் காலில் அதிக நேரம் இருந்ததா, கோல் அடிக்கும் வாய்ப்பு நமக்கு அதிகம் வந்ததா, இல்லை கோல் வாங்காமல் இருந்தாலே மேல்தானா? மூன்றும் வேறு வேறு.

முத்தியால்பேட்டை மச்சான் | இரவு 11.24

0-0 என்றால் அவர்கள் வலையிலும் விழவில்லை, நம் வலையிலும் விழவில்லை. இரண்டு பேரும் சமம். இதில் "நாமதான் மேல்" எப்படி வந்தது? கடலூரில் கணக்கு வேறு மாதிரி சொல்லித் தருகிறார்களா?

90இல் 56 என்றால் 62 சதவீதம். 62 மார்க் வாங்கியும் பெயிலான ஒரே பரீட்சை இதுதான்.

மாஹேக்காரன் | இரவு 11.31

நல்ல இரவு நண்பர்களே. இங்கே மஞ்சள் சட்டை ஒன்று நிற்கிறது, கல் எறிய வேண்டாம். கெடிலக்கரையான் சொல்லும் அந்த 6-3 ஆட்டத்தில் எங்கள் ஓக்பெச்சே ஹாட்ரிக் அடித்தார். முதல் பாதியிலேயே 3-0 என்று பின்னால் இருந்தோம். அப்புறமும் மூன்று திருப்பிக் கொடுத்தோம். நீங்கள் இன்று எத்தனை திருப்பிக் கொடுத்தீர்கள்? சும்மா கேட்டேன்.

முத்தியால்பேட்டை மச்சான் | இரவு 11.35

சேட்டா, இது புதுச்சேரி, கடலூர் ரசிகர்கள் பேசும் இடம். கொச்சிக்காரர்களுக்கு வேறு இடம் இருக்கிறது.

மாஹேக்காரன் | இரவு 11.39

சேட்டா என்று கூப்பிட வேண்டாம், என் தமிழ் உங்கள் டிபென்ஸைவிட நன்றாகவே இருக்கிறது. நானும் புதுச்சேரிதான். மாஹே புதுச்சேரியில் இல்லையா? 9 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் உங்கள் சட்டமன்றத்தில் எங்களுக்கும் ஒரு எம்.எல்.ஏ. உண்டு. வேலைக்காகப் பதினொரு வருடமாக லாஸ்பேட்டையில் இருக்கிறேன். ரேஷன் கார்டு காட்டட்டுமா? பிளாஸ்டர்ஸை ஆதரிக்கும் புதுச்சேரிக்காரன் நான். வெளியே போகச் சொன்னால் கடலூர்க்காரரைத்தான் சொல்ல வேண்டும், அவர்தான் வேறு மாநிலம்.

கெடிலக்கரையான் | இரவு 11.52

வேறு மாநிலமா? இதைத்தான் எதிர்பார்த்தேன். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையின் எஃப்.சி. தமிழ்நாட்டு டீம். கடலூர் தமிழ்நாடு. அந்த டீம் எனக்கு ஊர்க்கார டீம். யூனியன் பிரதேசத்துக்காரர்கள் விருந்தாளிகள். எல்லையில் முள்ளோடை தாண்டி அந்தப் பக்கம் இருப்பவர்கள் எங்கள் டீமைப் பற்றி எங்களுக்கே பாடம் எடுக்கிறார்கள். காலக்கொடுமை.

அப்புறம் அந்த 56 விஷயம். நான் திரும்பவும் சொல்கிறேன். 56 நிமிடம் வரை.

முத்தியால்பேட்டை மச்சான் | 25 நவம்பர், அதிகாலை 12.04

விருந்தாளியா? சனிக்கிழமை சாயங்காலம் முள்ளோடை தாண்டி இந்தப் பக்கம் வரிசை கட்டி வருவது யார் என்று ஊருக்கே தெரியும். அப்போது மட்டும் மாநிலம் நினைவுக்கு வராது.

இன்னொன்றும் கேட்கிறேன், எல்லோரும் பார்க்கட்டும். போன சீசனில் சென்னையில் ஹோம் ஆட்டத்துக்கு ஐயா வேன் ஏற்பாடு செய்தார். ஐந்து மணிக்குப் பாண்டி வந்துவிடும் என்றார். கடலூரில் கிளம்பியதே ஐந்தேகாலுக்கு. மரக்காணத்தில் டீ குடிக்க முக்கால் மணி நேரம். நேரு ஸ்டேடியத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தது. என் நினைவு சரியென்றால் சுமார் 56ஆவது நிமிடம். அது வரைக்கும் வேன்தான் மேல். மீதிப் பணம் தலைக்கு 180 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார். அதுவும் இஞ்சுரி டைமில் வரும் போலிருக்கிறது.

கெடிலக்கரையான் | அதிகாலை 12.11

கால்பந்து பேச முடியாதவர்கள்தான் வேன் பேசுவார்கள். டயர் பஞ்சர் ஆனதை ஏன் மறைக்கிறீர்கள்? டீ குடிக்க இறங்கியவர்களில் முதல் ஆள் யார்? இரண்டு வடை தின்றது யார்? 180 ரூபாயில் டிரைவர் பேட்டா போக எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கு கேளுங்கள், தருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த சீசனில் வெளியூரில் நாம் என்ன செய்தோம்? முதல் ஆட்டமே புவனேஸ்வரில், ஒடிசாவை 3-2 என்று வென்றோம். ஃபாரூக் சௌத்ரி இரண்டு அடித்தார். பிறகு ஜாம்ஷெட்பூர் 5-1. இது வெளியூரில் பயப்படும் டீம் இல்லை. அந்தத் தைரியத்தைத்தான் கொச்சியிலும் 56 நிமிடம் பார்த்தோம். ஒரே ஒரு கோல் எல்லாவற்றையும் மாற்றியது. கால்பந்து அப்படித்தான். கோயலைத் திட்டுகிறவர்கள் 2019-20 சீசனை மறந்துவிட்டார்கள். அந்த மனிதர் நடுவழியில் வந்து, எழும்ப முடியாமல் கிடந்த டீமை ஃபைனல் வரை கூட்டிப் போனார்.

உப்பளம் லெஃப்ட் பேக் | காலை 6.15

ஃபைனலில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 3-1. பார்வையாளரே இல்லாத காலி ஸ்டேடியம். கூச்சலும் இல்லை, மஞ்சள் கடலும் இல்லை. அப்படியும் தோற்றோம். ஆகவே கூச்சலைக் காரணம் சொல்ல வேண்டாம்.

எழுபதுகளில் உப்பளத்தில் வெறுங்காலோடு ஆடியவன் நான். முதல் கோல் விழுந்தால் தலை தொங்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நேற்று 55ஆவது நிமிடத்துக்குப் பிறகு எத்தனை பேர் ஓடினார்கள், எத்தனை பேர் நடந்தார்கள் என்று எண்ணினேன். நடந்தவர்கள் அதிகம். 2018இல் கோப்பை வாங்கிய டீமில் வியாசர்பாடி தனபால் கணேஷ் இருந்தார். இன்று நம் பக்கத்துப் பையன்கள் எத்தனை பேர்? யாரும் கேட்பதில்லை. 56 என்று சண்டை போடுகிறீர்கள். அதுவும் 55.

முத்தியால்பேட்டை மச்சான் | காலை 7.40

ஐயா 2018ஐ எடுத்தது நல்லது. பெங்களூரில் போய், பெங்களூரு டீமையே ஃபைனலில் அடித்தோம். 9ஆவது நிமிடத்திலேயே சேத்ரி கோல் போட்டுவிட்டார். நம் ஆட்கள் தலை தொங்கப் போட்டார்களா? மைல்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகுஸ்டோ ஒன்று, 3-2. வெளியூர் ஆட்டம் என்றால் அது.

இப்போது 2015க்கு வாருங்கள். ஃபைனல், கோவா, ஃபடோர்டா. 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1. 90ஆவது நிமிடம் வரை கோவாதான் மேல். அப்புறம் அவர்கள் கீப்பர் கட்டிமணி தன் வலையிலேயே போட்டுக்கொண்டார், 92இல் மெண்டோசா அடித்தார், கோப்பை நம் கையில். கெடிலக்கரையான் கணக்குப்படி பார்த்தால் அந்தக் கோப்பையைக் கோவாவிடம் திருப்பித் தர வேண்டும். 56 நிமிடத்துக்கே இவ்வளவு மரியாதை என்றால், 90 நிமிடத்துக்கு எவ்வளவு?

மாஹேக்காரன் | காலை 7.52

இதற்கு எங்கள் பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டம் மஞ்சப்படை சார்பாக ஒரு கைதட்டல்.

நெய்வேலி நைட் ஷிப்ட் | காலை 8.05

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறேன். "மேல்" என்றால் என்ன என்று கேட்டிருந்தேன்.

கெடிலக்கரையான் | காலை 9.30

2015ஐயும் இதையும் ஒப்பிடுவது மாங்காயையும் தேங்காயையும் ஒப்பிடுவது. அது ஃபைனல். இது லீக். ஃபைனலில் மனநிலை வேறு. இதுகூடத் தெரியாமல்...

நான் எங்கேயாவது "ஜெயித்தோம்" என்று எழுதினேனா? தேடிப் பாருங்கள். "மேல்" என்றுதான் எழுதினேன். ஒரு சொல்லை எடுத்து நாள் முழுக்க மென்று கொண்டிருக்கிறீர்கள். பாண்டிக்காரர்களுக்கு இது பழைய வழக்கம். பிரெஞ்சு கவர்னர் டூப்ளே காலத்திலிருந்தே கடலூர் மேல் ஒரு கண். எங்கள் செயின்ட் டேவிட் கோட்டையை விட்டு வைத்தீர்களா?

முத்தியால்பேட்டை மச்சான் | காலை 9.44

அடடா, கோட்டை வெள்ளைக்காரனுடையது. எப்போது உங்களுடையது ஆனது?

சரி, அதையும் ஸ்கோர்போர்டிலேயே பார்த்துவிடலாம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து கடலூரில் கோட்டையைப் பிடித்தார். வெளியூர் வெற்றி. குறித்துக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரையான் | காலை 9.49

1761இல் அதே லாலி சொந்த ஊரில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். பாண்டிக் கோட்டையையே இடித்துத் தள்ளினார்கள். மூன்றே வருடம். ஹோம் ஆட்டத்தில் இப்படித் தோற்றவர்கள் எங்களுக்கு வெளியூர் ஆட்டம் சொல்லித் தருகிறார்கள்.

மாஹேக்காரன் | காலை 9.51

அதே 1761இல் மாஹேயும் போனது. அந்தத் தோல்வியில் எனக்கும் பங்கு உண்டு. இப்போதாவது என்னைப் புதுச்சேரிக்காரன் என்று ஒத்துக்கொள்வீர்களா?

முத்தியால்பேட்டை மச்சான் | காலை 9.53

மஞ்சள் சட்டையைக் கழற்றினால் யோசிக்கலாம்.

நெறியாளர் | காலை 10.20

கால்பந்து மட்டும் பேசவும். வேன், வடை, கோட்டை வேண்டாம்.

கெடிலக்கரையான் | காலை 10.22

நான் கால்பந்துதான் பேசுகிறேன். 56 நிமிடம் வரை.

உப்பளம் லெஃப்ட் பேக் | காலை 10.23

55.

நெய்வேலி நைட் ஷிப்ட் | 3 டிசம்பர், மாலை 4.10

புயல் முடிந்து எல்லோரும் நலமா? பாண்டியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர் என்று செய்தியில் பார்த்தேன். சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணைத் தண்ணீர் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் வந்துவிட்டதாமே. ஒரு வரியாவது எழுதுங்கள்.

மாஹேக்காரன் | மாலை 5.02

நலம். மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. கீழ் வீட்டுக்காரர்கள் எங்கள் மாடியில்தான் இருந்தார்கள். இட்லி மாவு தீரும் வரை நன்றாகப் போனது.

முத்தியால்பேட்டை மச்சான் | மாலை 5.30

நலம். வண்டிதான் தண்ணீரில் போய்விட்டது. மெக்கானிக் கடையில் எனக்கு முன்னால் நாற்பது வண்டி நிற்கிறது. யாருக்காவது 180 ரூபாய் திருப்பித் தர மனம் வந்தால் இது நல்ல நேரம்.

கெடிலக்கரையான் | மாலை 6.15

வீட்டு வாசல் வரை தண்ணீர் வந்து வடிந்தது. பரண் மேல் ஏற்றிய சாமானை இப்போதுதான் இறக்குகிறோம். விசாரித்ததற்கு நன்றி, நெய்வேலி.

கரண்ட் வந்ததும் முதல் வேலையாக நவம்பர் 30 ஆட்டத்தின் முடிவைப் பார்த்தேன். கொல்கத்தாவில் மோகன் பகான் 1-0. கம்மிங்ஸ் கோல், 86ஆவது நிமிடம். வெளியூர் ஆட்டம், அதுவும் மோகன் பகானுக்கு எதிராக. கவனியுங்கள், 86 நிமிடம் வரை நாம்...

முத்தியால்பேட்டை மச்சான் | மாலை 6.17

ஐயோ.

உப்பளம் லெஃப்ட் பேக் | மாலை 6.18

85.

கெடிலக்கரையான் | மாலை 6.20

ஐயா, அன்று ராத்திரி உங்கள் தெருவில் கரண்டே இல்லை. ஆட்டத்தைப் பார்த்தீர்களா, அதை முதலில் சொல்லுங்கள்.

உப்பளம் லெஃப்ட் பேக் | மாலை 6.26

பார்க்கவில்லை. நீங்களும் பார்க்கவில்லை. ஆனால் 85.