தடித்த தாடிக்கு வெட்ஜ் கத்தியா, ஃபுல் ஹாலோவா?

கரடுதாடி எழுதியது:
எனக்கு முடி தடிப்பும் அதிகம், அடர்த்தியும் அதிகம். காலையில் மழித்தால் சாயங்காலமே தாடை சொரசொரவென்று ஆகிவிடும். அஞ்சு பிளேடு காட்ரிஜ் ரேசர் போட்டால் கழுத்தில் முடி உள்ளுக்குள்ளேயே வளர்ந்து சின்னச் சின்னக் கட்டியாக வருகிறது. அதனால் சவரக்கத்திக்கு மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன். சலூனில் பாதி பிளேடு மாட்டுகிற கத்தி இல்லை, கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்துப் பயன்படுத்துகிற முழுக்கத்தி. தேடிப் பார்த்த இடத்திலெல்லாம் "முரட்டுத் தாடிக்குக் கனமான கத்திதான், வெட்ஜ் (பக்கம் குடையாத ஆப்பு வடிவக் கத்தி) இல்லாவிட்டால் கால் ஹாலோ (லேசாக மட்டும் குடைந்தது)" என்கிறார்கள். ஆனால் இப்போது நல்ல விலைக்குக் கிடைப்பது ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த பழைய 5/8 (அங்குல அகலம்) ஃபுல் ஹாலோ, அதாவது இரண்டு பக்கமும் நன்றாகக் குடைந்த மெல்லிய கத்தி. வாங்கலாமா, கனமானது கிடைக்கிற வரை காத்திருக்கலாமா?

சாணைக்கல் எழுதியது:
வாங்குங்கள். முரட்டுத் தாடிக்குக் கனமான கத்தி என்பது ஒருவர் சொல்ல இன்னொருவர் திருப்பிச் சொல்லியே பரவிய பேச்சு. கல்லில் தீட்டும்போது கத்தியின் முதுகும் விளிம்பும் இரண்டுமே கல்லில் படிந்திருக்கும் இல்லையா? அப்போது விளிம்பின் கோணத்தை முடிவு செய்வது முதுகின் தடிப்பும் கத்தியின் அகலமும் மட்டும்தான். பெரும்பாலான கத்திகளில் அது 16, 17 டிகிரி பக்கத்தில் வரும். நடுவில் இரும்பை எவ்வளவு குடைந்து எடுத்திருக்கிறார்கள் என்பதற்கும் இந்தக் கோணத்துக்கும் சம்பந்தமே இல்லை. முடியை வெட்டுவது அந்த விளிம்பு. பழைய வெட்ஜ்களில் முதுகு ரொம்பத் தடிப்பாக இருந்தால் கோணம் இன்னும் கூடத்தான் செய்யும், அதாவது வெட்டு மொக்கையாகும். அப்புறம் வெட்ஜைத் தீட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கல்லில் உராய்கிற இரும்பு அவ்வளவு அகலம், ஒரு சின்ன மொக்கையை எடுக்கவே கை ஓய்ந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது எதற்கு?

இரும்புமுதுகு எழுதியது:
கோணக் கணக்கு சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விளிம்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டீர்கள். ஃபுல் ஹாலோவின் விளிம்பை நகத்தின் மேல் லேசாக அழுத்திப் பாருங்கள், இரும்பு வளைவது கண்ணுக்கே தெரியும். மோவாயில் ரெண்டு நாள் முடி நிற்கும்போது அந்த மெல்லிய தகடு முட்டி, வளைந்து, துள்ளி அடுத்த இடத்தில் விழும். தோலில் வரிவரியாக எரிச்சல் வருவது அதனால்தான். கனமான கத்தியில் அந்தத் துள்ளல் கிடையாது, தன் எடையிலேயே இறங்கும், நீங்கள் அழுத்தவே வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகளை எடுத்துப் பாருங்கள், எவ்வளவு கனம்! அதை வைத்துத்தான் ஒரு தலைமுறையே மழித்தது. என் பேச்சைக் கேட்டால் 6/8 அல்லது 7/8, கால் ஹாலோ. 5/8 ஃபுல் ஹாலோ மெல்லிய தாடிக்காரர்களுக்கு.

சாணைக்கல் எழுதியது:
@இரும்புமுதுகு அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சோலிங்கன்காரர்கள் இயந்திரத்தில் குடைந்த ஹாலோ கத்திகளைக் கொண்டுவந்ததும் சந்தை முழுக்க அந்தப் பக்கம் போனதே, அது ஏன்? ஜெர்மனியில் முரட்டுத் தாடிக்காரர்களே இல்லையா? கத்தி துள்ளுகிறது என்றால் மூன்று காரணம்தான்: விளிம்பு மொக்கை, இல்லாவிட்டால் கத்தியை முகத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறீர்கள், இல்லாவிட்டால் முடி சரியாக ஊறவில்லை. கனமான கத்தி இந்த மூன்றையும் மறைத்துக் காட்டும், தீர்க்காது. மெல்லிய கத்தியில் முடி வெட்டுப்படுகிற சத்தம் மாறுவதைக் காதாலேயே கேட்கலாம், கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ரெண்டுபக்கபிளேடு எழுதியது:
கேள்வி கேட்டவரின் பிரச்சினை கழுத்துக் கட்டி. அதைப் பற்றி யாருமே பேசவில்லை! தடித்த, சுருண்ட முடியைத் தோலுக்குக் கீழே போகிற அளவுக்கு ஒட்ட வெட்டினால் அது வளரும்போது பக்கவாட்டில் தோலுக்குள்ளேயே குத்தும். காட்ரிஜில் முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்த பிளேடு அதை வெட்ட, மிச்ச நுனி உள்ளே போய்விடுகிறது. அதிலிருந்து தப்பிக்க ஒற்றை பிளேடு போதும். டபுள் எட்ஜ் சேஃப்டி ரேசரும் ஒற்றை பிளேடுதான், பிளேடு சில ரூபாய், மொக்கையானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டலாம். சவரக்கத்தி வாங்கி மூன்றாவது சுற்றில் முடி வளர்கிற திசைக்கு எதிராக இழுத்தால் அதே கட்டி அப்படியே திரும்பி வரும், அது வெட்ஜாக இருந்தால் என்ன, ஹாலோவாக இருந்தால் என்ன. புதுக்கத்தி, கல், தோல்வார் எல்லாம் சேர்த்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். நம் ஊர் ஈரத்துக்குக் கார்பன் எஃகு ஒரே ராத்திரியில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். இவ்வளவும் எதற்கு?

இன்னொன்று. 2020-இல் சயன்ஸ் இதழில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. எஃகு முடியைவிட சுமார் 50 மடங்கு கடினம், இருந்தும் முடி வளைந்து ஒரு கோணத்தில் மோதும்போது விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்கிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்தே காட்டினார்கள். உங்கள் அருமைக் கத்திக்கும் அதுதான் கதி.

சாணைக்கல் எழுதியது:
அந்த ஆய்வு தூக்கிப் போடுகிற ரேசர் பிளேடுகளை வைத்துச் செய்தது. அதிலும் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில்தான் சில்லு பெயர்ந்தது. சவரக்கத்தியும் தேயும்தான், யார் இல்லை என்றது? அதற்குத்தானே தோல்வாரும் கல்லும். துருவுக்குப் பயந்தால் துடைத்து, காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, குளியலறைக்கு வெளியே வையுங்கள். ஆனால் எதிர்த்திசை விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

சலூன்கடை எழுதியது:
நான் தொழில் செய்கிறவன், அப்பாவும் இதே தொழில். அப்பா காலத்தில் முழுக்கத்திதான். எச்.ஐ.வி. பயம் வந்த பிறகு ஆளுக்கு ஒரு புது பிளேடு என்று ஆகிவிட்டது, அது நல்லதுதான். நீங்கள் எல்லோரும் இரும்பைப் பற்றியே பேசுகிறீர்கள், தாடியை விட்டுவிட்டீர்கள். காய்ந்த முரட்டு முடி வேறு, தண்ணீரில் ஊறிய முடி வேறு. வெந்நீரில் நனைத்த துண்டை மூன்று நிமிடம் முகத்தில் போட்டு வைத்துவிட்டு, பிரஷ்ஷை வட்டமாகச் சுற்றி நுரையை முடியின் அடிவரை ஏற்றினால் பாதி வேலை முடிந்தது. அவசரக்காரர்கள் முப்பது நொடி நுரை பூசிவிட்டுக் கத்தியைக் குறை சொல்வார்கள்.

கழுத்தைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி. தாடைக்குக் கீழே முடி மேலிருந்து கீழாக வளர்கிறது என்று நினைத்துக்கொண்டு இழுக்காதீர்கள். பாதிப் பேருக்கு அங்கே பக்கவாட்டில் படுத்திருக்கும், சிலருக்குக் குரல்வளைக்கு இரண்டு பக்கமும் சுழியே இருக்கும். ரெண்டு நாள் மழிக்காமல் விட்டு, விரலால் நாலு திசையிலும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அதுதான் முதல் சுற்றின் திசை. இடது கையால் தோலை நன்றாக இழுத்துப் பிடித்து, அரை அங்குலத்துக்கு மேல் போகாத சின்னச் சின்ன இழுப்பாக எடுக்க வேண்டும். கையில் நுரை வழுக்கினால் விரலில் படிகாரத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள், பிடி கிடைக்கும்.

இரும்புமுதுகு எழுதியது:
அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் உங்கள் கைப்பழக்கம் இவருக்குக் கிடையாது. தோலை அரைகுறையாக இழுத்துப் பிடிக்கிற, கோணம் தவறுகிற புதுக்கைக்குக் கனமான கத்தி கொஞ்சம் இடம் கொடுக்கும் என்பதுதான் என் வாதம்.

சலூன்கடை எழுதியது:
கோணம் தவறினால் கனமான கத்தியும் வெட்டத்தான் செய்யும் தம்பி, கூடுதல் எடையோடு வெட்டும்.

கரடுதாடி எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. விரலால் தடவிப் பார்த்தேன், இடது கழுத்தில் முடி காதை நோக்கிப் போகிறது. இத்தனை நாளும் அதற்கு நேர் எதிராகத்தான் காட்ரிஜை இழுத்துக்கொண்டிருந்தேன் போல. 5/8 ஃபுல் ஹாலோவையே வாங்குகிறேன், கழுத்தில் இப்போதைக்கு ஒரே சுற்று, முடியின் திசையில் மட்டும். தீட்டித்தான் அனுப்புவேன் என்கிறார் விற்பவர். தோல்வாரில் எத்தனை முறை இழுக்க வேண்டும்?

சாணைக்கல் எழுதியது:
ஒவ்வொரு தடவை மழிப்பதற்கு முன்பும் தோல்வாரின் துணிப் பக்கத்தில் 20, தோல் பக்கத்தில் 50. முதுகு முன்னால் போக வேண்டும், விளிம்பு பின்னால் வர வேண்டும், திருப்பும்போது முதுகின் மேல்தான் உருட்டித் திருப்ப வேண்டும். விளிம்பின் மேல் திருப்பினால் தோல்வாரும் போச்சு, கத்தியும் போச்சு. விற்பவர் தீட்டியது என்றால் விற்பனைக்காகப் போடுகிற மேலோட்டமான கடைத்தீட்டா, மழிக்கிற அளவுக்கா என்று கேளுங்கள். 8000 எண் உள்ள நைஸான கல்லுக்கு மேல் போயிருந்தால்தான் உங்கள் தாடிக்குத் தாங்கும்.

ரெண்டுபக்கபிளேடு எழுதியது:
கத்தி வந்து சேருகிற வரைக்குமாவது கழுத்துக்கு ஒரு டபுள் எட்ஜ் வாங்கிப் பாருங்கள். ஒரே சுற்றில் கட்டி அடங்கிவிட்டால் மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.