குடியரசுக் கட்சியும் இனப் பாகுபாட்டுக்கான பொறுப்பும்

கேள்வி: அடிமை முறையின் பரவலை எதிர்த்து 1854-இல் தோன்றிய அமெரிக்கக் குடியரசுக் கட்சி, பிற்காலத்தில் கறுப்பினத்தவருக்கு உரிமை கிடைத்ததால் தென்மாநில வெள்ளையரிடம் எழுந்த மனக்குறையை வாக்கு வங்கியாக்கிக்கொண்டது எவ்வாறு? அதற்கு அக்கட்சியினர் எப்போதேனும் பொறுப்பேற்றதுண்டா?

மறுமொழி 1: இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964-ஆம் ஆண்டின் குடிசார் உரிமைச் சட்டத்தை, நாடாளுமன்ற மேலவையான செனட்டில் அக்கட்சியின் 27 பேர் ஆதரித்தனர், 6 பேரே எதிர்த்தனர் என்பதை மறக்கலாகாது. ஆயினும் அந்த அறுவரில் ஒருவரான பேரி கோல்ட்வாட்டரையே கட்சி அவ்வாண்டு அதிபர் வேட்பாளராக நிறுத்தியது. சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர அவர் வென்றவை ஐந்து தென்மாநிலங்கள் மட்டுமே. தென்மாநில வெள்ளையரின் வாக்குகளைப் பெற முடியும் என்று பின்வந்தவர்களுக்கு அந்தத் தோல்வியே வழிகாட்டியது என்பது என் கணிப்பு.

மறுமொழி 2: பொறுப்பேற்றதுண்டு. 2005-இல் கட்சியின் தேசியக் குழுத் தலைவராக இருந்த கென் மெல்மன், கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைக்கும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் மாநாட்டில், இனப் பிளவால் அரசியல் ஆதாயம் தேட முயன்றது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே, 1948-இல் இனப் பிரிவினையை முன்வைத்து அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஸ்ட்ரோம் தர்மண்டைப் புகழ்ந்த குடியரசுக் கட்சிச் செனட்டர் டிரென்ட் லாட், 2002-இல் செனட்டில் தம் கட்சியின் தலைமைப் பொறுப்பைத் துறக்க நேர்ந்தது.

கேள்வி கேட்டவர்: நன்றி. எனினும், ஒருவரின் சொல்லுக்குப் பதவி பறிபோகிறதே தவிர, கறுப்பினத்தவர் குடியிருப்புகளுக்கு அரசின் வீட்டுக்கடன் உத்தரவாதம் மறுக்கப்பட்ட காலத்தில் வெள்ளையர் குடும்பங்கள் சேர்த்த சொத்தைப் பற்றி அக்கட்சி பேசத் தயங்குகிறது என்பதே என் வருத்தம்.