டிஸ்டோபியாவுக்கு ‘இன்னாவுலகு’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வர்க்கப் பிளவு வரும் விண்வெளி சாகசப் புதினங்களைப் பற்றி எழுதும்போது டிஸ்டோபியா (துயரம் நிறைந்த கற்பனை உலகு), உட்டோபியா (குறையற்ற கற்பனை உலகு), போலி உட்டோபியா (பார்வைக்கு மட்டும் குறையற்றது) ஆகிய மூன்றுக்கும் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு, துயருலகு, தீயுலகு, எதிர்க்கற்பனாவாதம் என்ற சொற்கள் நம் மடற்குழுவில் இதுவரை வந்துள்ளன. ‘தீயுலகு’ என்றதும் நெருப்புதான் நினைவுக்கு வருகிறது. ‘கற்பனாவாதம்’ மார்க்சிய நூல்களில் நன்கு ஊன்றிவிட்ட சொல். அது ஒரு சிந்தனைப் போக்கைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது ஓர் இடத்தின் பெயர். ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் 1516இல் தன் நூலில் வரும் கற்பனைத் தீவுக்கு உட்டோபியா என்று பெயர் வைத்தபோது, ‘இடம்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார். ‘இல்லாத இடம்’, ‘நல்ல இடம்’ இரண்டும் காதில் விழும்படி அதை அமைத்தார்.

என் பரிந்துரை: உட்டோபியாவுக்கு இன்னுலகு (இனிய உலகு), டிஸ்டோபியாவுக்கு இன்னாவுலகு (துன்பம் தரும் உலகு).

புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் “இன்னாது அம்ம இவ்வுலகம்” என்கிறார். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒரே ஊர், ஒரே நேரம். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறார். அவர் பேசுவது வர்க்கத்தைப் பற்றி இல்லை, சாவையும் மணத்தையும் பற்றித்தான். ஆனாலும் பக்கத்து வீட்டு இன்பத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த உலகின் இன்னாமை தெரிகிறது என்ற பார்வை அந்தப் பாட்டில் இருக்கிறது. நாம் பேசும் புதினங்களுக்கு அதைவிட நெருக்கமான பார்வை கிடைக்காது. இனிய, இன்னா என்ற இணையும் புதிதில்லை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் இனியவை நாற்பதும் இன்னா நாற்பதும் ஏற்கெனவே இருக்கின்றன.

சென்னைப் பேச்சில் ‘இன்னா’ என்றால் ‘என்ன’ என்ற மறுப்பு வரும். ‘இன்னா செய்தாரை ஒறுத்தல்’ பள்ளியில் படித்த யாருக்கும் இந்தக் குழப்பம் நிற்காது. இன்னுலகும் இன்னாவுலகும் காதுக்கு நெருங்கி ஒலிக்கின்றன என்பது கொஞ்சம் வலுவான மறுப்பு. எழுத்தில் சிக்கல் இல்லை. பேசும்போது நெடிலை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கும், அதை ஏற்கலாம் என்று நினைக்கிறேன்.

சரி, மூன்றாவது சொல்தான் எனக்கு முக்கியம். ‘போலி இன்னுலகு’, ‘கானல் உலகு’, ‘மாய உலகு’ எல்லாம் எளிதாக நாவில் வரும். ஆனால் இந்தக் கதைகளில் எது போலி என்று பார்க்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1974இல் வெளியிட்ட ‘தி டிஸ்பொசஸ்ட்’ புதினத்தை எடுத்துக்கொள்வோம். ஷெவெக் என்ற இயற்பியலாளன் அனாரஸ் என்ற வறண்ட கோளிலிருந்து சரக்கு விண்கலத்தில் உர்ராஸ் என்ற அண்டைக் கோளுக்குப் போகிறான். அனாரஸில் தனியுடைமை கிடையாது, பஞ்சம் வந்தால் பட்டினியும் பொது. உர்ராஸில் அவன் விருந்தாளியாகத் தங்கும் நாடு பசுமையானது, செழிப்பானது. அந்தப் பசுமை கானல் இல்லை. சாப்பாடு, நூலகம், பட்டாடை எல்லாமே உண்மை. ஏழைகள் மட்டும் அவன் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவன் அறைக்கு வரும் பணியாள் எஃபோர் வாய் திறந்த பிறகுதான் அந்த நாட்டின் மறுபக்கம் அவனுக்குத் தெரிகிறது.

ஆக, அங்கே இன்பம் பொய்யில்லை, ‘இது எல்லோருக்குமான இன்பம்’ என்ற பேச்சுதான் பொய். ‘கானல்’ என்றால் கிட்டே போனதும் மறைந்துவிடும். இங்கே கிட்டே போனால் வேலைக்காரர்கள் தெரிகிறார்கள். அதனால் இத்தகைய உலகுக்கு ஒருசார் இன்னுலகு, அதாவது ஒரு பகுதியினருக்கு மட்டும் இனிய உலகு, என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் என்ற பொருளில் ‘ஒருசார் ஆசிரியர்’ என்று உரையாசிரியர்கள் எழுதுவது நமக்குப் பழக்கம்தான். எல்லோருக்கும் மருந்து கொடுத்துச் சிரிக்க வைக்கும் கதைகளுக்குப் ‘போலி இன்னுலகு’ என்பதை ஒதுக்கிவிடலாம். அங்கே இன்பமே போலி. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே பெயரில் அடைத்து வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

வர்க்கத்தை டிஸ்டோபியாவோடு சேர்ப்பது பிற்காலத்து வாசிப்பு என்று முந்தைய மடல் ஒன்றில் இருந்தது. அப்படிச் சொல்ல முடியாது. மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் டிஸ்டோபியா என்ற சொல்லை எதிர்த்தரப்பின் மேல் எறிந்தது அயர்லாந்து பற்றிய விவாதத்தில். நிலக்கிழார்களையும் குத்தகை விவசாயிகளையும் பற்றிய பேச்சு அந்த விவாதத்தில் பெரும் பங்கு பிடித்தது.

விண்வெளியில் இது இன்னும் கூர்மையாகிறது. பூமியில் பிழைக்க வழியில்லாதவர் வேறு ஊருக்கு நடந்தாவது போகலாம். கலத்தின் சுவருக்கு வெளியே காற்றே கிடையாது. மூச்சுக்காற்றை அளந்து தருபவர்தான் அங்கே ஆளும் வர்க்கம். மேல்தளத்துத் தோட்டத்துக்கும் கீழ்த்தளத்து உலைக்கூடத்துக்கும் ஒரே தொட்டியிலிருந்துதான் நீர் போகிறது. அப்படி ஒரு கதையைப் பற்றி எழுதும்போது, “மேல்தளம் ஒருசார் இன்னுலகு, கலம் முழுவதும் சேர்ந்து இன்னாவுலகு” என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன், வாக்கியம் தடங்கல் இல்லாமல் போகிறது.

பெயரடையாக வரும்போது ‘இன்னாவுலகப் புதினம்’ எனலாம். ‘இன்னாவுலகியல்’ என்று நீட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ‘உலகியல்’ ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது. ‘ஒருசார்’ என்பதற்குப் பதில் ‘ஒருபால்’ சரிவருமா என்றும் யோசித்தேன், ‘பால்’ என்றதும் ஆண்பால், பெண்பால் நினைவு வந்து குறுக்கிடுகிறது. இதைவிடக் குறுகிய சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். இலங்கையில் வேறு சொல் புழக்கத்தில் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்.